ஒரே பேரில் இரண்டு நெஞ்சு

அக்னஸுக்குச் சந்தேகம் வந்தது துணி துவைக்கும்போதுதான். நாத்தனார் லூர்துராணியின் வெள்ளை ஜாக்கெட்டைக் கல்லில் விரித்துச் சோப்புப் போட்டவள் கையை நிறுத்திவிட்டாள். அக்குள் இரண்டிலும் செம்மஞ்சளாகக் கறை படிந்திருந்தது. அழுத்தித் தேய்த்தாள், போகவில்லை. வாளியில் ஊறிக்கொண்டிருந்த புருஷனின் பனியனை எடுத்துப் பிழிந்து அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அதே இடத்தில் அதே கறை.

பனியன் கறை எதனால் என்று அவளுக்குத் தெரியும். அதற்கு முந்தின கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு சவரிராயன் இருமலில் ரத்தம் துப்பினான். தஞ்சாவூர் ரோட்டில் ஒரு வால்வு கம்பெனியில் அவனுக்கு லேத் வேலை. பர்மனென்ட் ஆட்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் என்று தனியாக ஆஸ்பத்திரி வைத்திருந்த கம்பெனி அது. நெஞ்சைப் படம் எடுத்தார்கள், காசம் என்றார்கள், அப்போதுதான் புதிதாக வந்திருந்த ஒரு சிவப்பு மாத்திரையைக் கொடுத்தார்கள்.

"வெறும் வயித்துல முழுங்கணும். ஒருநாள்கூட விடக்கூடாது. ஒண்ணுக்கு ரத்தமாட்டம் போகும், வேர்வை, கண்ணீரெல்லாம் நிறம் மாறும். பயந்துடாதீங்க, மருந்து உள்ள வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்று கம்பவுண்டர் சொல்லி அனுப்பினார். அன்றிலிருந்து அவன் பனியனில் கறை. மாசா மாசம் அவன் உடம்பும் தேறி வந்தது.

ஆனால் லூர்துராணி எந்த மாத்திரையும் சாப்பிடுகிறவள் இல்லையே.

எழுபத்தொன்பதாம் வருஷத்துச் சித்திரை வெயில். உய்யக்கொண்டான் வாய்க்கால் காய்ந்து கிடந்தது. பாலக்கரையில் அந்தச் சந்து முழுக்க ஒரே குழாய்த் தண்ணீரை நம்பி இருந்தது. அக்னஸ் மீதித் துணியை அலசக்கூட இல்லை. ஜாக்கெட்டைக் கையில் சுருட்டிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தாள். உட்கார உட்காரக் கோபம் ஏறிக்கொண்டே போனது.

லூர்துராணி சவரிராயனுக்கு ஒரே தங்கை. அக்னஸ் வயசுதான் அவளுக்கும். லாரி ஓட்டிய புருஷன் சமயபுரத்துக்குப் பக்கத்தில் விபத்தில் போய்ச் சேர்ந்ததிலிருந்து அண்ணன் வீட்டில் இருக்கிறாள். சும்மா இருக்கவில்லை. அரியமங்கலத்தில் செல்லக்கண்ணு என்பவருடைய பட்டறையில் பிசிறு அராவுகிற வேலை. வார்த்து வருகிற இரும்புத் துண்டுகளின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் முள்ளையெல்லாம் அரத்தால் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். நாள் முழுக்க இரும்புத் தூளுக்கு நடுவில் குத்தவைத்திருப்பாள். அந்தத் துண்டுகள் லாரியேறி எங்கே போகும் என்றால், சவரிராயனின் வால்வு கம்பெனிக்குத்தான். தங்கை தேய்த்து அனுப்பியதை அண்ணன் லேத்தில் மாட்டிக் கடைந்தான்.

அண்ணன் படுத்த படுக்கையாய்க் கிடந்தபோது எச்சில் பாத்திரத்தை எடுத்துக் கொட்டியவள் அவள்தான். "நீங்க புள்ளக்காரி, கிட்ட வராதீங்க அண்ணி. எனக்கு யாரு இருக்கா? நான் பாத்துக்குறேன்" என்றாள். அக்னஸ் தன் இரண்டு பெண்களையும் லால்குடியில் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டு அடுப்படியோடு இருந்துகொண்டாள். அப்போது அது நியாயமாகத்தான் பட்டது.

சாயங்காலம் லூர்துராணி வேலை விட்டு வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தபோது அக்னஸ் ஜாக்கெட்டை அவள் முன்னால் போட்டாள்.

"இது என்ன கறை?"

லூர்துராணி குனிந்து பார்த்தாள். நிமிரவில்லை.

"உன்னத்தான் கேக்குறேன் லூர்து. எத்தன நாளா இருமுற?"

"ஈஸ்டருக்கு முன்னாடி, தவசு காலத்துலேர்ந்து அண்ணி. இரும்புத் தூளுன்னு நெனச்சேன்."

"ரத்தம்?"

"ரெண்டு தடவ."

சவரிராயன் கட்டிலில் உட்கார்ந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தான். அக்னஸ் அவன் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சொல்லுங்க. காலையில என் கையால உங்களுக்கு மாத்திரை எடுத்துக் குடுக்குறேன். அதை என்ன பண்றீங்க?"

"ஒருநாள் நான் சாப்புடுறேன். ஒருநாள் அதுக்குக் குடுக்குறேன்" என்றான் மெதுவாக.

"கம்பவுண்டர் என்ன சொன்னாரு? ஒருநாள் விட்டாலும் மருந்து பிடிக்காம போயிடும்னு சொன்னாரா இல்லையா? இப்புடிப் பாதிப் பாதியாத் தின்னுட்டு ரெண்டு பேரும் சேந்து சாகப் போறீங்களா?"

"அது என் எதிர்ல உக்காந்து இருமுது அக்னஸ். எனக்கு எச்சி எடுத்துப்போட்டு நோய வாங்கிக்கிட்டது. நான் மட்டும் முழுசா முழுங்கிட்டு உக்காந்திருக்கவா? தொண்டையில எறங்குமா அது?"

அக்னஸுக்கு இன்னும் கோபம் வந்தது. அடுப்பில் ஆட்டுக்கால் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. அவனுக்கென்று வைத்தது. இரண்டு டம்ளரில் ஊற்றி இரண்டு பேர் முன்னாலும் நங்கென்று வைத்துவிட்டு வெளியே போய் நின்றாள்.

மறுநாள் மருந்துக்கடையில் போய் அந்த மாத்திரையின் விலையைக் கேட்டாள். பதினைந்து நாளைக்கு வாங்க லூர்துராணியின் ஒரு மாசச் சம்பளம் போதாது. மாசக்கணக்கில் சாப்பிட வேண்டிய மருந்து. கடைக்காரர் பாட்டிலைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு, "இதெல்லாம் கம்பெனி ஆளுங்களுக்குத்தாம்மா கட்டுப்படி ஆகும். அவங்களும் காசு குடுத்து வாங்குறதில்ல" என்றார்.

அங்கிருந்து நேரே அரியமங்கலம் போனாள். செல்லக்கண்ணுவின் பட்டறைக்கு முன்வாசலில் ஒரு பேர்ப்பலகை, பின்வாசலில் இன்னொரு பேர்ப்பலகை. உள்ளே ஒரே கூரை, ஒரே சத்தம், ஒரே புகை. இருபது பேருக்கு மேல் வேலை பார்த்தால் இ.எஸ்.ஐ. பிடிக்க வேண்டும், மருந்து மாத்திரை ஆஸ்பத்திரி எல்லாம் வந்துவிடும். அதனால் ஆட்களைப் பாதியாகப் பிரித்து இரண்டு கம்பெனி என்று காட்டியிருந்தார் அவர். இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தெரிந்தால் பெண்களைப் பின்வாசல் வழியாக டீக்கடைக்கு அனுப்பிவிடுவார்கள். லூர்துராணி இதையெல்லாம் வேடிக்கைபோல வீட்டில் சொல்லிச் சிரித்ததுண்டு.

செல்லக்கண்ணு கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். அக்னஸ் விஷயத்தைச் சொன்னாள், நோயின் பேரை மட்டும் சொல்லாமல்.

"நானே கடன்ல ஓடிட்டிருக்கேம்மா. வால்வு கம்பெனிக்காரன் வருஷா வருஷம் ரேட்டக் கொறைக்கிறான். இ.எஸ்.ஐ. கட்டுனேன்னா பட்டறைய மூடிட்டுப் போக வேண்டியதுதான். அப்பறம் இந்த முப்பது பேரு எங்க போவாங்க?"

"முப்பது பேருன்னு உங்க வாயாலேயே சொல்றீங்களே" என்றாள் அக்னஸ்.

அவர் முகம் மாறியது. "உங்க நாத்தனாருக்கு ஒடம்புக்கு என்ன? இருமலா? அப்புடின்னா கொஞ்ச நாள் வீட்டுல வச்சிக்கங்க."

அக்னஸ் திரும்பி நடந்தாள்.

கடைசியாகத்தான் வால்வு கம்பெனிக்குப் போனாள். வெல்ஃபேர் ஆபீசர் ரெங்கராஜ் அவளை உட்காரச் சொன்னார், மின்விசிறியைப் போட்டார், டீ வரவழைத்தார். நல்ல மனுஷர்தான். அதுதான் அவளுக்குப் பின்னால் நினைக்க நினைக்க ஆத்திரமாக இருந்தது.

"ரூல்ல மனைவி, பிள்ளைங்க, பெத்தவங்க. அவ்வளவுதாம்மா வருது. கூடப் பொறந்தவங்க வர்றதில்ல."

"அவ எங்க வீட்டுலதான் சார் இருக்கா. எங்க ரேஷன் கார்டுல பேர் இருக்கு. ஒரே பானைச் சோறு."

"அது குடும்ப விஷயம். நான் கம்பெனி விஷயத்தச் சொல்றேன்."

"அவளும் உங்க கம்பெனி சாமானுக்குத்தான் சார் வேலை பாக்குறா. அவ தேச்சு அனுப்புறதத்தான் எங்க வீட்டுக்காரர் கடையிறாரு."

"அது கான்ட்ராக்ட். நமக்குத் துண்டு வருது, துண்டுக்குப் பணம் குடுக்குறோம். அந்த ஆளுங்க அவங்க ஆளுங்க" என்றார். பிறகு குரலைத் தணித்து, "அரசாங்க ஆஸ்பத்திரியில இலவசமாவே ஊசி போடுறாங்களே. அதுலயும் குணமாகும். கொஞ்சம் நாளாகும், அவ்வளவுதான்."

"இந்த சிவப்பு மாத்திரை அங்க இருக்கா சார்?"

"அது வெலை ஒசந்ததும்மா. எல்லாருக்கும் குடுத்துக் கட்டுப்படியாகாது."

"எங்க வீட்டுக்காரர் நெஞ்சுல இருக்குற பூச்சிதான் அவ நெஞ்சுலயும் இருக்கு. இவர்கிட்டேர்ந்து அங்க போனதுதான். பர்மனென்ட் யாரு, கான்ட்ராக்ட் யாருன்னு அந்தப் பூச்சி பாக்கலயே சார்?"

ரெங்கராஜ் டீயைக் காட்டினார். "ஆறிடும், குடிங்க."

அவள் குடிக்கவில்லை.

பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் அந்த யோசனை வந்தது. பொன்மலை தாண்டும்போது வந்தது, பாலக்கரை வருவதற்குள் முடிவாகிவிட்டது. கம்பெனி ஆஸ்பத்திரியின் குடும்பக் கார்டில் பேர்தான் இருக்கிறது, போட்டோ இல்லை. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அக்னஸ் ஒருதடவைகூட அங்கே வைத்தியத்துக்குப் போனதில்லை. இரண்டு பிரசவமும் லால்குடியில்.

விஷயத்தைச் சொன்னதும் சவரிராயன் எழுந்து நின்றுவிட்டான்.

"என்ன சொல்ற நீ? கூடப் பொறந்த தங்கச்சியப் பொண்டாட்டின்னு சொல்லச் சொல்றியா? நாக்கு அழுகிடாதா? ஞாயித்துக்கிழமை பூசையில சாமியார் கையால நான் எப்புடி நன்மை வாங்குறது?"

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். வரவும் வேணாம். நான் கூட்டிட்டுப் போறேன். நான் நாத்தனாரு, அவ அண்ணி. ரெண்டு பொம்பளைங்க பேரை மாத்திக்கிறோம். இதுல எந்தப் பாவமும் இல்ல. இருந்தா என் கணக்குல எழுதட்டும் ஆண்டவரு."

"மாட்டுனா வேலை போயிடும்டி."

"மாட்டலன்னா தங்கச்சி இருக்கும்."

லூர்துராணி மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். கண்ணீரை முந்தானையால் துடைத்த இடத்தில் லேசாக மஞ்சள் பாரித்தது. "எனக்கு வேணாம் அண்ணி. நான் அரசாங்க ஆஸ்பத்திரிக்கே போறேன்" என்றாள். அக்னஸ் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தன் கல்யாணப் புடவைகளில் ஒன்றை எடுத்து அவளுக்குக் கட்டிவிட்டாள். கழுத்தில் தன் தாலிச் சங்கிலியைக் கழற்றிப் போட்டாள். புருஷன் செத்த நாளிலிருந்து லூர்துராணியின் கழுத்து வெறுங்கழுத்து.

ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். "லேத் ஷாப் சவரிராயன் மனைவி அக்னஸ்!" என்று கூப்பிட்டதும் பழக்க தோஷத்தில் அக்னஸ் பாதி எழுந்துவிட்டாள். லூர்துராணி அப்படியே உட்கார்ந்திருந்தாள். அக்னஸ் அவள் தொடையில் கிள்ளி, "போங்க அண்ணி, கூப்புடுறாங்க" என்றாள் சத்தமாக.

உள்ளே டாக்டர் கேட்டார், "எத்தனை குழந்தைங்கம்மா?"

லூர்துராணிக்குக் குழந்தை இல்லை. "ரெண்டு பொண்ணு டாக்டர்" என்றாள். சொல்லும்போது குரல் உடைந்தது. நோய்க்குப் பயப்படுகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். "ஒண்ணும் ஆகாது, ஒங்க புள்ளைங்களுக்காகவாவது ஒழுங்கா மாத்திரை சாப்பிடுங்க" என்றார். படம் எடுத்தார்கள். வலது பக்கம் மேலே மேகம் மாதிரி வெள்ளையாய் ஒரு திட்டு. சிவப்பு மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

அதற்கப்புறம் நாலு மாசம் அந்த வீட்டில் காலையில் இரண்டு டம்ளர் தண்ணீர், இரண்டு மாத்திரை. அக்னஸ் இரண்டு பேரையும் எதிரில் நிறுத்தி வாயைத் திறந்து காட்டச் சொல்லுவாள். சவரிராயன் சிரித்துக்கொண்டே நாக்கை நீட்டுவான். வாரம் ஒருதரம் அக்னஸும் லூர்துராணியும் ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை வாங்கி வருவார்கள். ஆடியில் உய்யக்கொண்டானில் தண்ணீர் வந்தது. லூர்துராணிக்கு இருமல் நின்றது, கன்னம் பிடித்தது. பட்டறையில் நாள் தவறாமல் அராவினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மீன் வாங்கி வந்து அவளே குழம்பு வைத்தாள். மாங்காய் போட்ட குழம்பு. தட்டில் கையை வைத்ததும் மளமளவென்று சாப்பிட்டாள். அக்னஸ் அவள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்துபோய் முகம் கழுவி வந்தாள். பெண்களை லால்குடியிலிருந்து கூட்டி வந்துவிடலாம் என்று பேசிக்கொண்டார்கள்.

அப்போதுதான் சவரிராயன் அந்தச் செய்தியைக் கொண்டுவந்தான். கம்பெனிக்கு நெஞ்சுப் படம் எடுக்கிற வண்டி ஒன்று வருகிறது. காச வைத்தியத்தில் இருக்கிற எல்லாத் தொழிலாளிகளும் குடும்பத்தோடு ஞாயிற்றுக்கிழமை கேன்டீன் ஹாலுக்கு வர வேண்டும். ஒண்ணுக்கும் சோதிப்பார்கள், ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று பார்க்க.

"ஒத்தாசைக்குன்னு லேத் ஷாப்புல பாதிப் பேரு அங்க இருப்பான்" என்றான். "எல்லாவனும் நம்ம வீட்டுல சாப்புட்டவன். லூர்துவக் கூட்டிட்டுப் போயி அக்னஸ்னு எப்புடி நிறுத்துறது?"

"நிறுத்த முடியாது" என்றாள் அக்னஸ். "நான்தான் வரணும்."

"ஒண்ணுக்கு?"

அவள் யோசிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் லூர்துராணிக்கு ஒன்று, சவரிராயனுக்கு ஒன்று கொடுத்துவிட்டு மூன்றாவதைத் தன் வாயில் போட்டு முழுங்கினாள். கம்பெனி கக்கூஸில் உட்கார்ந்தபோது ரத்தச் சிவப்பாய்ப் போனது. தெரிந்துதான் செய்தாள். லூர்துராணி இதைத் தினமும் பார்த்துக்கொண்டுதானே இருந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள்.

கேன்டீன் ஹாலில் மைசூர்பாகு வாசனை. எல்லாருக்கும் காப்பி. வண்டிக்குள் கூட்டிக்கொண்டு போய்ப் பலகையில் நெஞ்சை அழுத்தச் சொன்னார்கள், மூச்சைப் பிடிக்கச் சொன்னார்கள். மத்தியானம் வண்டியோடு வந்திருந்த புது டாக்டர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். ரெங்கராஜ் பக்கத்து நாற்காலியில் இருந்தார். சவரிராயனுக்கு நன்றாக ஆறி வருகிறது, இன்னும் சில மாசம் சாப்பிட வேண்டும் என்றார் டாக்டர்.

பிறகு அக்னஸின் படத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பக்கத்தில் பழைய படத்தைப் பிடித்தார். அவர் முகம் மலர்ந்துபோனது.

"எல்லாரும் இங்க பாருங்க" என்று சத்தமாகக் கூப்பிட்டார். "இது நாலு மாசத்துக்கு முன்னாடி எடுத்த படம். இங்க எவ்வளவு பெரிய திட்டு பாருங்க. இது இன்னைக்கு எடுத்தது. சுத்தமா இல்ல. தழும்புகூட இல்ல. நான் இப்புடிப் பாத்ததே இல்ல. ஒழுங்கா மருந்து சாப்பிட்டா இப்புடித்தான்." ஹாலில் கை தட்டினார்கள். லேத் ஷாப் ஆட்கள் சவரிராயனின் முதுகில் தட்டினார்கள். அவன் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"அப்ப இனிமே சிவப்பு மாத்திரை வேணாம்மா" என்று டாக்டர் எழுதத் தொடங்கினார். "நிறுத்திடலாம்."

அக்னஸுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் மாட்டிக்கொள்வதைப் பற்றி யோசித்திருந்தாள். தேறிவிடுவதைப் பற்றி யோசிக்கவில்லை.

"டாக்டர், இன்னும் கொஞ்ச நாளைக்குக் குடுங்க."

"எதுக்கும்மா? உனக்குத்தான் ஒண்ணுமே இல்லையே."

"பயமா இருக்கு டாக்டர். அவருக்குக் குடுக்குற வரைக்குமாவது."

"தேவையில்லாம குடுக்கக் கூடாது. வெலை ஒசந்த மருந்து. வெளிய எத்தனை பேரு இது கெடைக்காமத் தவிக்கிறாங்க தெரியுமா உனக்கு?"

அவள் அதுவரை மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கையை எடுத்தாள்.

"தெரியும் டாக்டர். ஒருத்தி எங்க வீட்டுல இருக்கா."

"என்ன?"

"அந்தப் படத்துல இருக்குறது அவ நெஞ்சு. எங்க நாத்தனா லூர்துராணி. இந்தப் படத்துல இருக்குறது என் நெஞ்சு. எனக்கு நோயே வந்ததில்ல. நாலு மாசமா என் பேருல அவ மருந்து சாப்பிட்டா. நல்லாயிட்டு வர்றா. இப்ப நிறுத்துனா செத்துப்போவா."

"அக்னஸ்!" என்றான் சவரிராயன்.

"சும்மா இருங்க. நாலு மாசமா சும்மாத்தான இருந்தீங்க." அவள் ரெங்கராஜ் பக்கம் திரும்பினாள். "சார், உங்ககிட்ட முதல்ல நேராத்தான வந்தேன்? கெஞ்சித்தான கேட்டேன்? டீ குடிக்கச் சொன்னீங்க. பேரு இருந்தா மருந்து, பேரு இல்லன்னா இல்ல. சரி, என் பேரைக் குடுத்தேன். வேற என்ன இருக்கு எங்கிட்ட குடுக்க?"

கேன்டீன்காரர் வெள்ளைச்சாமி காப்பித் தூக்கோடு அப்படியே நின்றுவிட்டார். டாக்டர் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு வயசு அதிகம் இல்லை. காதோரம் சிவந்துவிட்டது. பிறகு மெதுவாக, "அப்ப அந்தம்மாவுக்கு இன்னும் அஞ்சு மாசமாவது மருந்து வேணுமே" என்றார்.

"டாக்டர், இது இப்ப வைத்திய விஷயம் இல்ல. இது மோசடி" என்றார் ரெங்கராஜ். அவரும் கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார்.

டாக்டர் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். இரண்டு படங்களையும் ஒரே உறையில் போட்டு ரெங்கராஜிடம் கொடுத்தார். எத்தனையோ பேர் எத்தனையோ பேசியதை அக்னஸ் பிற்பாடு மறந்தாள். அந்த ஒரு வாய் மூடியதை மட்டும் அவளால் மறக்க முடியவில்லை.

சவரிராயனை ஒரு மாசம் சஸ்பெண்ட் செய்தார்கள். வேலை போகாமல் சங்கம் காப்பாற்றியது. லேத்திலிருந்து எடுத்து யார்டில் இரும்பு எண்ணப் போட்டார்கள். அவனுக்கு மருந்து தொடர்ந்தது, குடும்பக் கார்டை மட்டும் ஒரு வருஷத்துக்கு நிறுத்திவைத்தார்கள். சங்கத்துத் தலைவர் அமிர்தசாமி வீட்டுக்கே வந்து, "பெரிய கண்டத்துலேர்ந்து தப்பிச்சீங்கம்மா" என்றார்.

"என் நாத்தனா தப்பிக்கலயே. அவளுக்கு என்ன பண்ணப் போறீங்க?"

"அது பட்டறை ஆளும்மா. நம்ம சங்கத்துல வராது."

"உங்களுக்கும் ரூல்ல வராதாக்கும்" என்றாள் அக்னஸ். அவருக்கு அவள் டீ கொடுக்கவில்லை.

செய்தி அரியமங்கலம் போய்ச் சேர்ந்து, காசக்காரி என்று செல்லக்கண்ணு லூர்துராணியை நிறுத்திவிட்டார். அவள் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே நீ யார் வீட்டுப் பெண், எந்தக் கம்பெனி என்று ஒருவரும் கேட்கவில்லை. பேர் கேட்டார்கள். "லூர்துராணி" என்றாள். எழுதிக்கொண்டார்கள். தினமும் விடிந்ததும் நடந்து போய் வரிசையில் நின்று ஊசி போட்டுக்கொண்டாள். இடுப்பில் மாறி மாறிப் போட்டுக் கல்லாய் இறுகிப்போன இடத்துக்கு அக்னஸ் சாயங்காலம் வெந்நீர் ஒற்றடம் கொடுத்தாள்.

"காதுக்குள்ள சத்தம் கேட்டா, தலை சுத்துனா ஒடனே சொல்லணும்மா. இந்த ஊசி சிலருக்குக் காதைப் பிடிச்சிடும்" என்று அங்கே இருந்த டாக்டரம்மா முதல் நாளே சொல்லியிருந்தார். சிள்வண்டு கத்துகிற மாதிரி காதுக்குள் சத்தம் ஆரம்பித்தபோது லூர்துராணி யாரிடமும் சொல்லவில்லை. அக்னஸ் பின்னாலிருந்து கூப்பிட்டு அவள் திரும்பாமல் போன ஒருநாள்தான் விஷயம் வெளியே வந்தது.

"ஏன்டி சொல்லல? ஏன் சொல்லல?"

"சொன்னா ஊசிய நிறுத்திடுவாங்க அண்ணி. அப்பறம் எனக்கு வேற என்ன மருந்து இருக்கு?"

நோய் போனது. கூடவே காதும் போனது. வலது காதில் வாயை வைத்துக் கத்தினால் கொஞ்சம் கேட்கும். சந்தில் எல்லாரும் அக்னஸ் நாத்தனாரிடம் சண்டை போடுகிறாள் என்று முதலில் நினைத்தார்கள்.

எண்பத்தொன்றாம் வருஷம் ஐப்பசியில் இரண்டு பேரும் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் லால்குடி பஸ்ஸுக்கு நின்றார்கள். மழை பிடித்துக்கொண்டது. கூரைக்கு அடியில் கூட்டம் நெருக்கியடித்தது. பூக்காரிகள் கூடையைத் தலைக்கு மேல் பிடித்திருந்தார்கள். ஸ்ரீரங்கம் போகிற பஸ்ஸுக்கு நின்றவர்களில் ரெங்கராஜும் இருந்தார். குடையை மடக்கிக்கொண்டு அவளைப் பார்த்தவர், பார்க்காததுபோல் போயிருக்கலாம். போகவில்லை. கிட்டே வந்தார்.

"நல்லா இருக்கீங்களாம்மா? சவரிராயனைத் திரும்ப லேத்துல போடச் சொல்லி எழுதியிருக்கேன். இவங்கதானா அவங்க? ஒடம்பு இப்ப தேவலையா?"

லூர்துராணி அவர் வாய் அசைவதைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு, காது கேளாதவர்கள் பேசுகிற உரத்த குரலில், "யாரு அண்ணி இவரு?" என்றாள்.

நாலைந்து பேர் திரும்பினார்கள். யாரோ தெரிந்தவர் என்று கையைக் காட்டியிருந்தால் போதும். அக்னஸ் குனிந்து அவள் வலது காதில் கத்தினாள்.

"வால்வு கம்பெனி ஆபீசரு! உனக்கு மருந்து கெடையாதுன்னாரே, அவரு!"

கூரைக்கு அடியில் நின்றவர்கள் ரெங்கராஜைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அம்மா, கொஞ்சம் மெதுவா..." என்றார் ரெங்கராஜ்.

"மெதுவாச் சொன்னா அவளுக்குக் கேக்காது சார்."

"என்னது?" என்றாள் லூர்துராணி.

அக்னஸ் இன்னும் பலமாகச் சொன்னாள். இந்தத் தடவை எதிரே டீக்கடையில் நின்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். ரெங்கராஜ் ரோட்டைப் பார்த்தார். ஸ்ரீரங்கம் பஸ் வரவில்லை. வெளியே போக மழை விடவில்லை.

லூர்துராணி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது அவள் முகம்.

"ஏனாம் அண்ணி?" என்று கேட்டாள்.

அக்னஸ் நிமிர்ந்தாள். ஒரு அடி விலகி அவருக்கு வழி விட்டாள்.

"ஏன்னு கேக்குறா சார். நீங்களே சொல்லுங்க. வலது காதுல, கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."